அடுத்த வருடப் பூ மே மாத இலையில் இருக்கிறது: ஹாரோ தோட்டத்தில் நான்கு வசந்தங்கள்

செப்டம்பரில், நடுவதற்கு வாங்கி வைத்திருந்த, வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கிற டாஃபடில் செடியின் கிழங்கு ஒன்றை எடுத்து மேலிருந்து கீழாகக் கத்தியால் பிளந்தேன். வெங்காயத்தைப் பிளந்தது போலத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று அடுக்கடுக்காகச் செதில்கள், அடியில் வேர் விடுகிற தட்டு, நடுவில் வெளிர்பச்சைக் குருத்து. அந்தக் குருத்தை ஊசியால் மெல்ல விலக்கினால் உள்ளே அரிசி மணி அளவில் ஒரு மொட்டு. மார்ச்சில் மலர வேண்டிய பூ, மண்ணைத் தொடுவதற்கு முன்பே கிழங்குக்குள் உருவாகிவிட்டது.

இதைப் பார்த்தது 2023இல். 2021இலேயே பிளந்து பார்த்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். கடையில் வாங்கிய கிழங்கு முதல் வருடம் பூத்தால் அது அதை விளைவித்த விவசாயியின் உழைப்பு. இரண்டாம் வருடமும் பூத்தால்தான் நாம் வளர்த்திருக்கிறோம். இந்தப் பதிவு முழுக்க அந்த இரண்டாம் வருடப் பூவைப் பற்றித்தான்.

வீடு வடமேற்கு லண்டனில், ஹாரோ பக்கம். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு பழைய ஆப்பிள் மரம், அதன் அடியில் 3 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி, பக்கத்தில் புல்தரை. மண், லண்டன் களிமண். கோடையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். மழைக்காலத்தில் பூட்ஸோடு அப்பிக்கொண்டு வரும். மரத்தடி என்றதும் நிழலாயிற்றே என்று தோன்றும். ஆனால் ஆப்பிள் இலை விடுவது ஏப்ரலில்தான். ஜனவரியிலிருந்து அதுவரை மொட்டைக் கிளைகளுக்கு நடுவே வெளிச்சம் தாராளமாகத் தரைக்கு வரும். வெள்ளைப் பூ விடுகிற ஸ்னோடிராப், மஞ்சள் பூ விடுகிற வின்டர் அகோனைட் மாதிரியான செடிகள் இலையுதிர் காட்டுத் தரையில் வளர்ந்து பழகியவை. மரம் விழிப்பதற்குள் இலை விட்டு, பூத்து, வருடத்துக்கான உணவைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். இவை ஏன் இவ்வளவு சீக்கிரம் பூக்கின்றன என்பதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

2021 அக்டோபரில் முதல் நடவு. குரோக்கஸ் 50, ஸ்னோடிராப் 25, வின்டர் அகோனைட் 20, ஐரிஸ் ரெட்டிகுலாட்டா 20, டெட்-ஆ-டெட் என்கிற குள்ள டாஃபடில் 30. எல்லாமே குளிர் முடிகிற சமயத்தில் பூக்கிற குட்டைச் செடிகள்; காய்ந்த கிழங்குகளாகக் காகிதப் பையில் வந்தவை. சின்ன மண்கரண்டியால் குழி பறித்தேன். ஈரக் களிமண் கரண்டியோடு இழுபட்டதால் 5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கப் பொறுமை இல்லை. அந்த ஆழத்திலேயே எல்லாவற்றையும் வைத்து மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் பாத்தியில் வரிசையாகச் சிறு குழிகள். ஓரத்தில் குரோக்கஸின் நார்த்தோல் மட்டும் உரித்துப் போடப்பட்டிருந்தது. சாம்பல் அணில். நம் ஊர் மூன்று கோட்டு அணிலைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பெரியது; வட அமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவந்து விடப்பட்டது. புதிதாகக் கிளறிய மண் எங்கே இருக்கிறது என்று அதற்கு உடனே தெரிந்துவிடும். டாஃபடிலையும் ஸ்னோடிராப்பையும் தொடவில்லை. இரண்டுமே நஞ்சு; அணிலுக்கு அது தெரிகிறது.

2022 பிப்ரவரி, மார்ச் கணக்கு: டெட்-ஆ-டெட் முப்பதும் பூத்தன. ஐரிஸ் இருபதும் பூத்தன. கருநீலத்தில் மஞ்சள் கோடு, பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. குரோக்கஸ் 17. ஸ்னோடிராப் 4. அகோனைட் ஒன்றுகூட வரவில்லை.

ஸ்னோடிராப்பும் அகோனைட்டும் ஏன் போயின என்பது அப்புறம்தான் புரிந்தது. டாஃபடிலுக்கு வெங்காயம் மாதிரி தடித்த மேல்தோல் உண்டு. மாதக்கணக்கில் வெளியே இருந்தாலும் தாங்கும். ஸ்னோடிராப்பும் அதே வகைக் கிழங்குதான். ஆனால் சின்னது, தோல் மெல்லியது, கடை அலமாரியில் இருக்கும்போதே வற்றிவிடும். குரோக்கஸ் வேறு ஜாதி. அறுத்தால் அடுக்கே இருக்காது, சேப்பங்கிழங்கு மாதிரி ஒரே திடமாக இருக்கும். ஒவ்வொரு வருடமும் பழைய கிழங்கு சுருங்கிப்போய் அதன் தலையில் புதுக் கிழங்கு உட்காரும். அகோனைட்டோ ஆட்டுப்புழுக்கை மாதிரி கறுத்துச் சுருங்கிய துண்டு. எது தலை, எது கால் என்றே தெரியாது. அதை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து நட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. நான் காய்ந்தபடியே நட்டேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டெட்-ஆ-டெட் கிழங்கு பார்ப்பதற்கு அப்படியே சின்ன வெங்காயம். நம் வீடுகளில் வெங்காயக் கூடை எப்போதும் திறந்துதான் கிடக்கும். வாங்கி வந்த பையைச் சமையலறையில் வைக்கவே வைக்காதீர்கள். தவறிச் சாம்பாரில் விழுந்தால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். வேக வைத்தாலும் நஞ்சு போகாது. சாறு பட்டால் சிலருக்குக் கை அரிக்கும், அதனால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டாஃபடிலும் ஸ்னோடிராப்பும் ஒரே குடும்பம்; இந்தக் குடும்பத்து நஞ்சில் மருந்தும் இருக்கிறது என்பது தனிக் கதை. அல்சைமர் நோய்க்குக் கொடுக்கிற கேலந்தமைன் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது ஸ்னோடிராப்பிலிருந்துதான்.

பெரிய தவறு பூத்த பிறகு நடந்தது. ஏப்ரல் கடைசியில் டாஃபடில் இலைகள் சாய்ந்து பாத்தி பரட்டையாகக் கிடந்தது. இலைகளைக் கொத்துக் கொத்தாக மடக்கி ரப்பர் பேண்டு போட்டேன். பத்து நாள் கழித்து அதுவும் அழகாக இல்லையென்று அடியோடு வெட்டிவிட்டேன். குரோக்கஸ் இலை புல் மாதிரியே இருப்பதால் புல் வெட்டும்போது அதுவும் போயிற்று.

அந்த ஜூலையில்தான், 2022 ஜூலை 19, இங்கிலாந்தில் முதல்முறையாக வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது. புல்தரை வைக்கோலாகிவிட்டது. டிசம்பர் நடுவில் அதற்கு நேர்மாறாகப் பனி கொட்டி ஒரு வாரம் உறைந்து கிடந்தது. வெயிலும் பனியும்தான் கிழங்குகளைக் கெடுக்கப்போகின்றன என்று பயந்துகொண்டிருந்தேன். 2023 மார்ச்சில் டெட்-ஆ-டெட் இலை ஏராளமாக வந்தது, பூ ஆறே ஆறு. ஐரிஸ் மூன்று பூ. மற்றவை மெலிந்த இலையாக நின்றன. வெயில்தான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அம்மா நிலக்கோட்டைப் பக்கம். சம்பங்கி போட்டு வளர்த்த குடும்பம். வீடியோவில் பாத்தியைக் காட்டி, கோடையில் வெயில் வாட்டிவிட்டது என்று சொன்னேன். வெயிலைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஏம்ப்பா, போன வருசம் பூத்து முடிஞ்சப்புறம் தோகைய என்ன பண்ணுன?" என்று கேட்டார். வெட்டிவிட்டேன் என்றேன். "பச்சையா இருக்கறப்பவேவா? தோகதானப்பா கெழங்குக்குச் சோறு பொங்கிப் போடுது. அடுப்ப அணைச்சுட்டுச் சோறு எங்கன்னு கேட்டா?"

அதுதான் விஷயம். டாஃபடில் பூ உதிர்ந்த பிறகு, இலை பச்சையாக நிற்கிற அந்த ஆறேழு வாரத்தில்தான் கிழங்கு பருக்கிறது. அடுத்த வருட மொட்டு உருவாகத் தொடங்குவதும் மே மாத வாக்கில், கோடை முடிவதற்குள் அது முழுமையாகிவிடும். நான் மே முதல் வாரத்தில் இலையை வெட்டியபோது அடுத்த மார்ச்சின் பூவை வெட்டியிருக்கிறேன். ரப்பர் பேண்டு போட்டதும் அதே கேடுதான். மடங்கிய இலைக்கு வெளிச்சம் சரியாகப் படாது. 40 டிகிரி வெயில் டாஃபடிலுக்குப் பெரிய தொந்தரவே இல்லை. அது ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குடும்பம். கோடையில் காய்ந்த மண்ணுக்குள் உறங்குவது அதன் இயல்பு. பனியும் தொந்தரவு இல்லை. குளிர் வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்குக் குறையாமல், 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால்தான் தண்டு சரியாக நீண்டு பூவை மேலே கொண்டுவரும்.

சரி, திருத்த வேலைகள்.

முதலில் ஸ்னோடிராப். பக்கத்து வீட்டில் எண்பதை நெருங்குகிற ஒரு பெண்மணி இருக்கிறார். அவர் வேலியோரத்தில் வருடா வருடம் பாய் விரித்த மாதிரி ஸ்னோடிராப் பூக்கும். காய்ந்த கிழங்கு வாங்கவே கூடாது, பூ முடிந்ததும் இலையோடு தோண்டித்தான் இடம் மாற்ற வேண்டும் என்று சொல்லி, 2023 மார்ச் முதல் வாரத்தில் தோட்டத்து முள்கரண்டியால் இரண்டு கொத்துகளைத் தோண்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நாற்பது கிழங்குக்கு மேல், பட்டாணி முதல் சின்ன வெங்காயம் வரை எல்லா அளவிலும், வேர் பின்னிக்கிடந்தன. வேர் அறுக்காமல் விரலால் பிரித்து, மூன்று நான்காகச் சேர்த்து, கொத்துக்குக் கொத்து ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டேன். எவ்வளவு ஆழம் என்று அளக்கத் தேவையில்லை. மண்ணுக்குள் இருந்த தண்டுப் பகுதி வெள்ளையாக இருக்கும், வெளியே இருந்தது பச்சை. அந்தக் கோடு மண் மட்டத்துக்கு வரும்படி வைத்தால் போதும். உடனே தண்ணீர், மேலே இலைமக்கு இரண்டு விரல் கனத்துக்கு. ஸ்னோடிராப் மட்டும் கோடையில் ஒரேயடியாகக் காய்வதை விரும்பாது. அதனால் மரத்தின் வடக்குப் பக்க நிழலை அதற்கு ஒதுக்கினேன்.

அகோனைட்டும் அதே முறைதான். பிப்ரவரியில் பூவோடு சிறு தொட்டியில் விற்பதை மூன்று வாங்கி நட்டேன்.

அக்டோபர் 2023இல் பாத்தியை முழுதாகப் பிரித்தேன். முதலில் ஒரு சோதனை: ஓர் அடி ஆழத்துக்குக் குழி பறித்துத் தண்ணீர் நிரப்பினேன். சாயங்காலம் ஊற்றியது மறுநாள் காலையிலும் பாதி நின்றது. கிழங்கு அழுகுவதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. 25 கிலோ பையில் பொடிச்சரளை நாலு மூட்டையும், மட்கிய உரம் அதற்குச் சமமாகவும் போட்டு, ஓர் அடி ஆழத்துக்குக் கிளறிக் கலந்தேன். மணலைக் கொட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். களிமண்ணோடு பொடிமணல் சேர்ந்தால் இன்னும் இறுகும். பல் பல்லாக இருக்கிற சரளைதான் வேண்டும். இரண்டு நாள் முதுகு வலித்தது. ஆனால் இந்த நான்கு வருடத்தில் பலன் மிக அதிகமாகக் கிடைத்த வேலை இதுதான்.

ஆழம், கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. டெட்-ஆ-டெட்டுக்கு 12 சென்டிமீட்டர், குரோக்கஸுக்கு 8 முதல் 10. அளவு கோடு போட்ட குச்சியை ஒவ்வொரு குழியிலும் விட்டுப் பார்த்தேன். நட்டு மூடியதும் மேலே கோழிவலையை விரித்து, ஓரங்களை மண்ணுக்குள் செருகி, அதன்மேல் இலைமக்கு. வலைக் கண் ஓர் அங்குலம் இருந்தால் முளை தாராளமாக வரும், அணிலின் கை கிழங்கு வரை போகாது. முளை தெரிந்ததும் சில இடங்களில் வலையை எடுத்துவிட்டேன். மறந்துபோன ஓரத்தில் டாஃபடில் இலைகள் கம்பிக்குள் நெருக்குண்டு வளர்ந்ததைப் பார்த்தேன், அதனால் எடுத்துவிடுவதே நல்லது.

குரோக்கஸில் இனத்தை மாற்றினேன். பெரிய பூ விடுகிற டச்சு வகையை விட்டு, டொமாசினியானஸ் என்கிற சின்ன ஊதா இனம் 200. அணிலுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. விதை விழுந்து தானாகவும் பரவும். இவற்றைப் பாத்தியில் வைக்காமல் புல்தரையில் நட்டேன். மண்வெட்டியால் புல்லை மூன்று பக்கம் வெட்டிக் கம்பளம் மாதிரி மடித்துத் திறந்து, அடிமண்ணைக் கிளறி, கையில் அள்ளி வீசி விழுந்த இடத்திலேயே புதைத்து, புல்லை மூடி மிதித்துவிட்டேன். வரிசை பார்த்து நட்டால் பூக்கும்போது நட்டதாகத் தெரியும். வீசி நட்டால் தானாக வந்த மாதிரி இருக்கும்.

ஐரிஸை மண்ணிலிருந்து எடுத்துவிட்டேன். துருக்கி, ஈரான் பக்கத்து மலைச் சரிவுகளில், கோடையில் சுட்டெரிக்கிற சரளையில் வளர்கிற செடி அது. இங்கே பூத்ததும் கிழங்கு அரிசி அரிசியாகப் பிரிந்துபோகிறது. அந்தக் குட்டிகள் பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும். புதிதாக 15 கிழங்கு வாங்கி, பாதி மட்கு, பாதி சரளை நிரப்பிய மண்தொட்டியில் 12 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தேன். ஆழமாக வைத்தால் பிரிவது குறையும். இலை காய்ந்ததும் தொட்டியைத் தோட்டத்து மேசைக்கு அடியில் தள்ளி, செப்டம்பர் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. முதல் வருடம் 15, இரண்டாம் வருடம் 9 பூ. முன்பு கிடைத்த மூன்றோடு ஒப்பிட்டால் எனக்கு இது திருப்திதான்.

2024 பிப்ரவரி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவானதிலேயே வெப்பமான பிப்ரவரி. மழையும் விடாமல் பெய்தது. டெட்-ஆ-டெட் மாத நடுவிலேயே விரிந்துவிட்டது. சரளை கலக்காமல் விட்டிருந்தால் அந்த மழையில் பாதி அழுகியிருக்கும்.

புல்தரைக் குரோக்கஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை ஒன்பது மணிக்கு வெளியே வந்தால் ஒன்றுமே தெரியாது. சாம்பல் படிந்த குச்சிகள் மாதிரி, மூடிய மொட்டுகள் புல்லுக்குள் ஒளிந்திருக்கும். பதினொன்றரை மணிக்கு வேலிக்கு மேலே சூரியன் வந்து அந்த மூலையைத் தொட்டதும் ஒவ்வொன்றாக விரியத் தொடங்கும். வெளிச்சத்தைவிடச் சூடுதான் இதைச் செய்கிறது. சூட்டில் இதழின் உட்பக்கம் வேகமாக வளர்ந்து பூவைத் திறக்கிறது. குளிர்ந்தால் வெளிப்பக்கம் வளர்ந்து மூடுகிறது. அரை மணி நேரத்தில் அந்த மூலை முழுக்க ஊதா, நடுவே ஆரஞ்சு நிற மகரந்தம். ஒரு நாள் அப்படிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பருத்த வண்டுத்தேனீ ஒன்று வந்தது. குளிர்காலமெல்லாம் மண்ணுக்குள் தனியாகக் கிடந்துவிட்டு வந்த ராணி. பூவுக்குள் தலைகீழாக இறங்கியது. அதன் எடையில் மெல்லிய குழல் மெதுவாகச் சாய்ந்து தரையைத் தொட்டது. அது நகரவில்லை, சாய்ந்த பூவுக்குள்ளேயே மகரந்தத்தில் புரண்டுகொண்டிருந்தது. வெளியே வந்தபோது உடம்பெல்லாம் மஞ்சள்பொடி பூசிய மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்தில் அதற்கு வேறு சாப்பாடு இல்லை. இந்தப் பூக்களை நட இந்த ஒரு காரணம் எனக்குப் போதும்.

ஸ்னோடிராப்பும் கண்ணை விட்டு அகலாது. உறைபனி விழுந்த காலையில் இலையும் தண்டும் வதங்கித் தரையில் படுத்துக்கிடக்கும். செத்துவிட்டது என்றுதான் நினைப்போம். பத்து பதினொரு மணிக்குப் பனி உருகியதும் ஒன்றும் நடக்காதது போல எழுந்து நிற்கும். பூவை விரலால் நிமிர்த்திப் பாருங்கள்: வெளியே மூன்று வெள்ளை இதழ், உள்ளே குட்டையாக மூன்று, அவற்றின் விளிம்பில் தலைகீழாக வைத்த பச்சை அம்புக்குறி. இந்தப் பச்சை மஞ்சளாக மாறிய அபூர்வ வகைகளுக்காக இங்கே ஆட்கள் அலைகிறார்கள். 2022இல் கோல்டன் டியர்ஸ் என்கிற வகையின் ஒற்றைக் கிழங்கு இணைய ஏலத்தில் 1,850 பவுண்டுக்குப் போனது. எனக்கு வேலியோரத்தில் பூக்கிற நிவாலிஸ் என்கிற சாதாரண ஸ்னோடிராப்பே நிறைவாக இருக்கிறது.

ஊரில் இருக்கிற நண்பர்கள் இதையெல்லாம் அங்கே வளர்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். சமவெளியில் முடியாது, அந்தக் குளிர் கிடைக்காது. குளிர்சாதனப் பெட்டியில் மூன்று மாதம் வைத்து ஒரு தடவை பூக்க வைக்கலாம். இலை நின்று சமைக்கக் குளிர்ந்த வசந்தம் இல்லாததால் மறுவருடம் வராது. அங்கே இதே இன்பத்தைக் கொடுக்கிற கிழங்குகள் இருக்கின்றன: சம்பங்கி, முதல் மழைக்கு மறுவாரம் பூக்கிற மழை லில்லி, மழைக்காலத்தில் முளைத்து ஏறுகிற செங்காந்தள். இங்கே குளிர் எழுப்புகிறது, அங்கே மழை எழுப்புகிறது.

பூத்த பிறகு இப்போது செய்வது இவ்வளவுதான். டாஃபடிலில் வாடிய பூவை மட்டும் கிள்ளிவிடுகிறேன், விதைக்குச் சத்து போகாமலிருக்க. ஸ்னோடிராப்பிலும் டொமாசினியானஸிலும் கிள்ளுவதில்லை, விதை விழட்டும். ஸ்னோடிராப் விதையை எறும்பு இழுத்துப்போய்ப் பரப்பும். இலை பச்சையாக இருக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தக்காளிச் செடிக்குப் போடுகிற பொட்டாஷ் அதிகமுள்ள திரவ உரம். தழைச்சத்து போடுவதில்லை, அது இலையை மட்டும் வளர்க்கும். குரோக்கஸ் இருக்கிற மூலையில் மே கடைசி வரை புல் வெட்டுவதில்லை. டாஃபடில் இலை சாய்ந்து கிடக்கிற பரட்டையை மறைக்க, பிற்பாடு முளைத்து வருகிற ஜெரேனியம் செடிகளை நடுநடுவே வைத்துவிட்டேன்.

2025 மார்ச் கணக்கு: டெட்-ஆ-டெட், 2023 அக்டோபரில் பிரித்து நட்டது 58 கிழங்கு, பூ 71. குரோக்கஸ் எண்ணி முடியவில்லை. போன வருடம் 180க்குப் பக்கம், இந்த முறை அதைவிட அதிகம், புல்லுக்குள் நூல் மாதிரி ஒற்றை இலையோடு விதைக் கன்றுகளும் தெரிகின்றன. அகோனைட் மூன்று தொட்டியில் இரண்டு நின்றிருக்கிறது. ஸ்னோடிராப், நான் பிரித்து வைத்த 22 கொத்தில் 20 பூத்தது. வடக்கு மூலையில் ஒரு கொத்து தடித்துப்போய் நடுவில் நெருக்குகிறது. அடுத்த வாரம் அதைத் தோண்டிப் பிரிக்க வேண்டும். தெருமுனையில் புதிதாகக் குடிவந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒரு பங்கு கேட்டிருக்கிறார். ஈரக் காகிதத்தில் சுற்றி, இலையோடு கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.